ஜி.எச்.டி. யார்? ஒரு பழைய ரிவால்வருக்கு நான்கு பிறந்த வருடங்கள்

துப்பாக்கி மேசைக்கு வருவதற்கு முன்பே அதன் ஜாதகம் வந்துவிட்டது. உரிமையாளர் தன் கையெழுத்தில் எழுதிய சின்னச் சீட்டு: "ஸ்மித் அண்ட் வெசன், 1914, முதல் உலகப் போர், .38 ஸ்பெஷல்." வாய்மொழியாகவும் சில சேர்ந்து வந்தன. துப்பாக்கியின் உடற்சட்டத்தின் மேல்பகுதியில் ஜி.எச்.டி. என்று மூன்று எழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றன, அது தாத்தாவுக்கு இதை விற்றவரின் இனிஷியல். துப்பாக்கி தெரிந்த நண்பர் ஒருவர் எண்ணைப் பார்த்துவிட்டு 1905 வாக்கில் செய்தது என்றாராம். இன்னொருவர், எழுத்தெல்லாம் தேய்ந்திருக்கிறதே, இது ஸ்பெயின் நகல் என்று ஒரே வரியில் முடித்துவிட்டாராம்.

சீட்டில் இருந்த நான்கு தகவல்களில் ஒன்றுதான் சரி. மற்றவை ஏன் தவறாகப் போயின என்பதுதான் இந்தக் கதை. யாரும் கற்பனையாக எதையும் சொல்லவில்லை. எல்லாரும் துப்பாக்கியின் மேல் உண்மையாகவே இருந்த எழுத்தையும் எண்ணையும் படித்துத்தான் சொன்னார்கள். அந்த எழுத்து எந்தக் கேள்விக்குப் பதில் என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை.

முதலில் சிலிண்டரைத் திறந்து ஆறு அறைகளும் காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துக்கொண்டேன். "காலிதான் சார், நாற்பது வருஷமா யாரும் சுடல" என்றார் அவர். சரி, ஆனாலும் பார்த்துவிட்டுத்தான் கையில் எடுப்பது.

பார்வைக்கு அழகான பொருள். முழுக்க நிக்கல் முலாம், வெள்ளிப் பாத்திரம் போலப் பளபளப்பு. ஆறு அறைச் சிலிண்டர், குட்டையான குழல், சதுரக் கட்டம் போட்ட மரக் கைப்பிடி, அதில் கம்பெனி முத்திரைப் பதக்கம். முலாம் போட்ட பழைய துப்பாக்கியைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வரும். முலாம் போடுவதற்கு முன் உலோகத்தை வழவழப்பாகத் தேய்ப்பார்கள். நமக்கு வேண்டிய சாட்சியெல்லாம் அந்தத் தேய்ப்பில்தான் போய்விடும்.

இதில் சந்தேகத்துக்குப் பதில் உடனே கிடைத்தது. சுத்தியலும் விசையும்கூட நிக்கலில் மின்னின. ஸ்மித் அண்ட் வெசன் தொழிற்சாலை நிக்கல் முலாம் போட்டு அனுப்பிய துப்பாக்கிகளில் இந்த இரண்டு பாகங்களுக்கும் முலாம் கிடையாது. சூடேற்றிக் கடினமாக்கியபோது படிந்த நீலமும் பழுப்பும் கலந்த நிறத்திலேயே விட்டுவிடுவார்கள். இங்கே எல்லாவற்றையும் கழற்றி ஒரே தொட்டியில் முக்கியிருக்கிறார்கள். திருகாணித் துளைகளின் ஓரம் கிண்ணம் போலக் குழிந்திருந்ததும் அதே கதையைச் சொன்னது. பஃபிங் சக்கரத்தில் நின்று நிதானமாகத் தேய்த்தால் துளையின் விளிம்பு அப்படித்தான் உள்வாங்கும்.

முதலில் ஸ்பெயின் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். அதைச் சொன்ன நண்பரை நான் குறை சொல்ல மாட்டேன். ஸ்பெயினின் ஐபார் நகரத்துப் பட்டறைகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த மாதிரியை ஏராளமாக நகலெடுத்தன. வெளித்தோற்றத்தில் சில அப்படியே அச்சு. ஆனால் உள்ளே பார்த்தால் குட்டு வெளிப்படும். பல நகல்களில் கைப்பிடிக்குள் மடிந்த வி வடிவ வில் இருக்கும். ஸ்மித் அண்ட் வெசனில் நீளமான ஒற்றைத் தட்டை வில், அதை முன்பக்கம் கைப்பிடியின் அடியிலிருந்து ஒரு திருகாணி அழுத்திப் பிடிக்கும். விசைக்குப் பின்னால், உள்ளே சுருள்வில் வைத்த ஒரு சறுக்குக் கட்டை இருக்கும். பக்கத் தகட்டைக் கழற்றியதும் இரண்டும் இருந்தன. குழலின் அடியில், தள்ளுகம்பியின் நுனியைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி மேடும் இருந்தது. 1902-இல் இந்தக் கம்பெனி சேர்த்த அம்சம் அது. ஸ்பெயின் சோதனை முத்திரை எங்கேயும் இல்லை.

இன்னொரு அமெரிக்கக் கம்பெனியான கோல்ட் செய்ததாக இருக்குமோ என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் வாசகர் கேட்கலாம். எழுத்து எதுவும் தெரியாவிட்டாலும் இரண்டையும் பிரிக்க ஒரு நிமிடம் போதும். கோல்ட்டில் சிலிண்டரைத் திறக்கத் தாழ்ப்பாளைப் பின்னால் இழுக்க வேண்டும், ஸ்மித் அண்ட் வெசனில் முன்னால் தள்ள வேண்டும். சுடுபவரின் பக்கமிருந்து பார்த்தால் கோல்ட் சிலிண்டர் கடிகாரத் திசையில் சுற்றும், ஸ்மித் அண்ட் வெசன் எதிர்த்திசையில். கோல்ட்டின் பக்கத் தகடு இடப்பக்கம், இதற்கு வலப்பக்கம். நம்முடையது மூன்றிலும் ஸ்மித் அண்ட் வெசன். திருகாணிகளும் கணக்காக ஐந்து: தகட்டில் நான்கு, விசைக்காப்பின் முன் ஒன்று. ஆக, 1899-இல் தொடங்கிய மிலிட்டரி அண்ட் போலீஸ் குடும்பத்தில் ஒன்று. அது வரைக்கும் சிக்கலில்லை.

இனி வருடம்.

1914 எங்கிருந்து வந்தது என்பது எளிது. குழலின் மேல் முதுகில் கம்பெனி பெயரும் ஊரும், ஸ்பிரிங்ஃபீல்ட், மாசசூசெட்ஸ், அதன் பக்கத்தில் காப்புரிமைத் தேதிகளும் ஒரே வரிசையாகப் பொறித்திருக்கும். கடைசித் தேதி 1914 டிசம்பர் 29. துப்பாக்கியில் தேதி மாதிரி வேறு எதுவும் தெரியாதபோது கண் நேராக அங்கேதான் போகும். ஆனால் அது கண்டுபிடிப்பைப் பதிவு செய்த நாள். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் செய்த குழல்களிலும் அதே வரியைத்தான் அச்சடித்தார்கள். இந்தத் துப்பாக்கி 1914 கடைசிக்கு முந்தியது இல்லை என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி.

1905 என்றவர் பார்த்தது வேறு இடம். சிலிண்டரை வெளியே சாய்த்ததும் அதைத் தாங்கிக்கொண்டு வரும் கை ஒன்று இருக்கிறதே, ஸ்மித் அண்ட் வெசன்காரர்கள் யோக் என்பார்கள், கோல்ட்காரர்கள் கிரேன் என்பார்கள். அது உட்காரும் பள்ளத்தில் ஓர் ஐந்து இலக்க எண். இதையே வரிசை எண்ணாக எடுத்துக்கொண்டால் நண்பர் சொன்னது சரிதான், இந்தக் குடும்பத்தின் ஐந்து இலக்க எண்கள் நூற்றாண்டின் முதல் சில ஆண்டுகளில்தான் வரும். அவர் அங்கே தேடியதற்கும் காரணம் உண்டு. கோல்ட்டில் வரிசை எண் இருப்பது அந்தப் பள்ளத்தில்தான். கோல்ட் பார்த்துப் பழகிய கண் இங்கேயும் அதே இடத்தைத் தேடுகிறது, அங்கே எண் ஒன்றும் கிடைத்துவிடுகிறது. நானே தொடக்கத்தில் ஒருமுறை இதில் விழுந்திருக்கிறேன்.

ஸ்மித் அண்ட் வெசனில் அது பொருத்துவோர் எண். சட்டம், யோக், பக்கத் தகடு மூன்றையும் ஒன்றோடொன்று இழைத்துப் பொருத்திய பிறகு, மெருகேற்றப் பிரித்து அனுப்பும்போது கலந்துவிடக் கூடாதே என்று மூன்றிலும் ஒரே எண்ணை அடிப்பார்கள். துப்பாக்கி தொழிற்சாலையை விட்டுப் போனதும் அந்த எண்ணின் வேலை முடிந்தது. எந்தப் பேரேட்டிலும் அது கிடையாது. நமக்கு அதில் ஒரே உபயோகம்: பக்கத் தகட்டின் உட்புறமும் அதே எண் இருந்தது, எனவே தகடு மாறவில்லை.

உண்மையான வரிசை எண் கைப்பிடியின் அடிப்பாகத்தில். பார்த்தால் அங்கேயும் சக்கரம் ஓடியிருக்கிறது. கயிறு கட்டும் வளையம் ஒரு காலத்தில் அங்கே இருந்திருக்கிறது. வளையத்தைப் பிடுங்கி, துளையை ஒரு உலோக முளையால் அடைத்து, அரத்தால் சமப்படுத்தி, மேலே முலாம் போட்டுவிட்டார்கள். முளையைச் சுற்றியிருந்த பரப்பு மழமழவென்று இருந்தது. அதைத் தாண்டி ஆறு இலக்கங்கள் மட்டும் தப்பியிருந்தன. நான்கு லட்சத்துச் சொச்சம்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் நான்காவது தவறான பதில் இங்கேதான் காத்திருந்தது. இந்தக் குடும்பத்தின் எண் வரிசை 1942 வசந்தத்தில் பத்து லட்சத்தைத் தொட்டது. அதில் நான்கு லட்சத்துச் சொச்சம் என்றால் 1920-களின் முற்பகுதி. பழைய அட்டவணையைத் திறந்து, விரலை வைத்து, வருடத்தை எழுதி மூடிவிடலாம். அவ்வளவு வசதியாகப் பொருந்தியது.

பொருந்தாத விஷயங்கள் இரண்டு உறுத்தின. ஒன்று, தள்ளுகம்பியின் நுனி. காலிக் கூடுகளை வெளியே தள்ளும் அந்தக் கம்பிக்கு 1920-களின் பிற்பகுதி வரை காளான் போலப் பருத்த குமிழ் இருக்கும். இதில் இருந்தது பிற்காலத்து ஒல்லிக் குமிழ். சரி, கம்பியை யாராவது மாற்றியிருக்கலாம். இரண்டாவது, குழலின் வலப்பக்கத்து எழுத்து: .38 எஸ் அண்ட் டபிள்யூ தோட்டா. உரிமையாளரின் சீட்டில் உள்ள ஸ்பெஷல் என்ற சொல் அங்கே இல்லவே இல்லை. 1920-களில் இந்த மாதிரி வழக்கமாக வந்தது .38 ஸ்பெஷலுக்குத்தான். பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம், ஆனால் இரண்டும் வேறு வேறு தோட்டாக்கள். எஸ் அண்ட் டபிள்யூ குட்டையானது, கொஞ்சம் தடித்தது. ஸ்பெஷல் நீளமானது, கொஞ்சம் மெலிந்தது, அழுத்தம் கூடியது.

குட்டைத் தோட்டாவை இந்தச் சட்டத்தில் பெரிய எண்ணிக்கையில் கேட்டது யார் என்று யோசித்தால் ஒரே வாடிக்கையாளர்தான் நினைவுக்கு வருவார்: பிரிட்டிஷ் ராணுவம். முதல் போரில் .455 வைத்துச் சண்டையிட்டவர்கள், 1932-இல் என்ஃபீல்ட் இரண்டாம் எண் ரிவால்வரோடு .38-க்கு மாறினார்கள். தோட்டாக் கூடு இதே எஸ் அண்ட் டபிள்யூ அளவு, ஈயக்குண்டு 200 கிரெய்ன், அதாவது சுமார் 13 கிராம். அதனால்தான் .38/200 என்று பெயர். 1940-இல் அவர்களுக்குத் துப்பாக்கி அவசரமாக வேண்டியிருந்தது. ஸ்மித் அண்ட் வெசனுக்கோ அவர்களிடம் கடன் இருந்தது. ஒன்பது மில்லிமீட்டர் இலகு ரைஃபிள் ஒன்றைச் செய்து தருகிறோம் என்று பத்து லட்சம் டாலர் முன்பணம் வாங்கி, அந்த ரைஃபிள் பிரிட்டிஷ் தோட்டாவைத் தாங்காமல் போய், கடைசியில் கணக்கை ரிவால்வராகக் கொடுத்துத் தீர்த்தார்கள். பிறகு 1941 மார்ச்சில், அமெரிக்க அரசே ஆயுதம் வாங்கி நேச நாடுகளுக்குத் தர வழி செய்த கடன்-குத்தகைச் சட்டம் வந்தது. போர் முடிவதற்குள் இந்த .38/200 வகை மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்துவிட்டார்கள்.

பத்து லட்சம் எண் நிறைந்ததும் அடுத்து என்ன செய்தார்கள் என்பதில்தான் விடை இருக்கிறது. வரிசையை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கி, முன்னால் வி என்ற எழுத்தைச் சேர்த்தார்கள். வெற்றி என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. அதனால்தான் இவற்றுக்கு விக்டரி மாடல் என்று பெயர் வந்தது. நம் துப்பாக்கியின் அடியில், அரம் ஓடிய இடத்தில், ஒரு வி இருந்திருக்குமா?

அடிப்பாகத்தில் அதைத் தேடிப் பயனில்லை. நல்லவேளையாக, எண் ஓரிடத்தில் மட்டும் இருப்பதில்லை. சிலிண்டரின் பின்முகத்திலும், குழலுக்கு அடியில் தள்ளுகம்பி படுத்துக்கொள்ளும் தட்டையான பகுதியிலும் அதே எண் இருக்கும். சிலிண்டரை மூடியிருக்கும்போது அந்தக் குழலடி கண்ணுக்கே தெரியாது. மெருகுச் சக்கரமும் அங்கே சரியாக நுழையாது. துப்பாக்கியைக் கவிழ்த்து, சிலிண்டரைத் திறந்து, அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைக் கிட்டத்தட்ட படுக்கையாகச் சாய்த்துப் பிடித்தேன். நேராக அடித்த வெளிச்சத்தில் நிக்கல் வெறுமனே கண்ணைக் கூசியது. சாய்த்ததும் பள்ளங்களில் நிழல் விழுந்தது. ஆறு இலக்கங்கள், அடிப்பாகத்தில் இருந்த அதே ஆறு. அவற்றுக்கு முன்னால், முலாம் பாதி நிரப்பிய இரண்டு கோடுகள் கீழே கூடி நின்றன. வி.

மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தும் எடுத்துக்கொண்டேன். புகைப்படத்தைவிட அது பல நேரம் தெளிவு.

ஜி.எச்.டி.யின் புதிரும் அந்த நிமிடமே அவிழ்ந்தது. சட்டத்தின் மேல்பகுதியில் அதே சாய்வு வெளிச்சத்தைக் காட்டினால், அந்த மூன்று எழுத்துகளுக்கு முன்னால் ஒரு வரியின் ஆவி தெரிந்தது: யு.எஸ். பிராப்பர்டி, அமெரிக்க அரசுச் சொத்து. ஜி.எச்.டி. என்பவரின் முழுப்பெயர் கை எச். ட்ரூரி (Guy H. Drewry). ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதப் பிரிவில் ராணுவத்தின் சார்பில் ஆயுதங்களைப் பார்த்து ஏற்றுக்கொண்ட அதிகாரி. அவருடைய எழுத்துகள் லட்சக்கணக்கான துப்பாக்கிகளில் இருக்கின்றன. உரிமையாளரிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்போ எங்க தாத்தாவுக்கு இதை வித்தது யாரு?" என்றார். அதற்கு இரும்பில் பதில் கிடையாது.

வருடத்தை இன்னும் நெருக்கலாம். முன்பு செய்தவற்றில் யுனைடெட் ஸ்டேட்ஸ் பிராப்பர்டி என்று முழுதாகப் பொறித்தார்கள். சுருக்கமும் அதிகாரியின் எழுத்தும் பிறகு வந்தவை. அது கீழெல்லை. மேலெல்லைக்கு ஒரு விபத்துதான் ஆதாரம். 1944-இன் இறுதியில், ஒரு கப்பலில் கீழே விழுந்த விக்டரி ரிவால்வர் தானாகச் சுட்டதில் மாலுமி ஒருவர் இறந்தார். உடனே சுத்தியலைத் தடுத்து நிறுத்தும் புதிய பாகம் ஒன்றை அமைத்து, அந்தத் துப்பாக்கிகளுக்கு வி-யோடு எஸ் என்ற எழுத்தையும் சேர்த்தார்கள். நம்முடையதில் எஸ் இல்லை. பக்கத் தகட்டின் உட்புறம் பழைய வகை வில்தடுப்பே இருந்தது. எழுத்தும் உள்பாகமும் ஒத்துப்போகின்றன. வி வரிசை மொத்தம் எட்டு லட்சத்தைச் சற்றுத் தாண்டி முடிந்தது, இது அதன் நடுவில் வருகிறது. எனவே 1943 அல்லது 1944. இந்தக் கம்பெனி எண் வரிசைப்படி துப்பாக்கிகளை அனுப்பியதில்லை என்பதால், எண்ணை மட்டும் வைத்து இதற்கு மேல் மாதம் தேதி சொல்பவரை நம்ப வேண்டாம். அனுப்பிய நாள் வேண்டுமென்றால் ஸ்மித் அண்ட் வெசன் வரலாற்று அறக்கட்டளைக்கு எழுதிக் கேட்கலாம். கம்பெனியின் பழைய பேரேடுகளைப் பார்த்துக் கட்டணத்துக்குக் கடிதம் தருவார்கள்.

இதுவரை பிறப்பு. ஆனால் மேசையில் கிடந்தது 1943-இல் பிறந்த அதே உருவமில்லை.

விக்டரிக்கு நிக்கல் கிடையாது. சாம்பல் நிறப் பாஸ்பேட் பூச்சு, வழவழப்பான வால்நட் கைப்பிடி, பதக்கம் எதுவும் இல்லை. பிரிட்டனுக்குப் போனவற்றில் ஆரம்பத்தில் பல அளவுக் குழல்கள் இருந்தாலும் பிறகு ஐந்து அங்குலமே நிலைத்தது. இதில் சிலிண்டரின் முன்முகத்திலிருந்து குழல் நுனி வரை அளந்தால் மூன்றே கால். அப்படி ஓர் அளவு இந்த மாதிரிக்குத் தொழிற்சாலையில் கிடையாது. அளக்காமலும் தெரியும். குழலின் இடப்பக்கத்தில் கம்பெனியின் பெயர் நடுவில் இருக்க வேண்டியது. இங்கே கடைசி எழுத்து வசதியாக உட்கார்ந்திருக்க, முதல் எழுத்து குழல் நுனியை முட்டிக்கொண்டு நின்றது. தையற்காரர் சட்டையின் கீழ்ப்பகுதியை வெட்டி, பூவேலையில் பாதியை விட்டது போல. முன்குறி வேறு, புதிதாகச் செதுக்கி ஈயப்பற்று வைத்தது.

சந்தைக்கு வந்தது எப்போது? சிலிண்டரின் பள்ளங்களுக்கு இடையில் ஒரு கிரீடம், அடியில் பி.என்.பி. பக்கத்தில் .38, .767 அங்குலம், 3½ டன். இது பர்மிங்காம் சோதனைச் சாலையின் முத்திரை. 1813 முதல் இயங்கும் இடம். அளவுக்கு மீறிய அழுத்தத்தில் சுட்டுப் பார்த்துத் தாங்கினால்தான் முத்திரை விழும், அது இல்லாமல் பிரிட்டனில் துப்பாக்கியை விற்கக் கூடாது. 3½ டன் என்பது சதுர அங்குலத்துக்கான அழுத்தம். ஒருவர் என்னிடம் துப்பாக்கியின் எடை என்று நினைத்துச் சிரித்ததுண்டு. இந்த பி.என்.பி. வடிவம் 1954-ஆம் ஆண்டு விதிகளோடு வந்தது. எனவே 1955 வாக்கிலோ அதற்குப் பிறகோ, ராணுவம் கழித்துக் கட்டிய உபரியாக வியாபாரி கைக்கு வந்தபோது அடித்தது. அமெரிக்காவில் செய்து, பிரிட்டனுக்குப் போய், போர் முடிந்து பத்து வருடமாவது கழித்துச் சந்தைக்கு வந்த துப்பாக்கி.

எனக்கு மிகவும் உறுத்தியது .767 என்ற எண். அது குட்டைத் தோட்டாக் கூட்டின் நீளம், அங்குலத்தில். சோதனை நடந்தது அந்தத் தோட்டாவுக்குத்தான். ஆனால் உரிமையாளர், "ஸ்பெஷல் நல்லாவே உள்ள போகுது சார்" என்று சொல்லியிருந்தார். போகக் கூடாது. ஸ்பெஷலின் கூடு 1.155 அங்குலம், குட்டைத் தோட்டாவுக்கான அறையில் அதன் வாய் நடுவிலேயே முட்டி நிற்க வேண்டும்.

அறைக்கு வார்ப்பு எடுத்தேன். செர்ரோசேஃப் என்ற உலோகக் கலவை இதற்கென்றே இருக்கிறது. கொதிநீரைவிடக் குறைந்த சூட்டில் உருகும், அறைக்குள் ஊற்றி உறைய விட்டு, ஒரு மணி நேரம் கழித்து அளந்தால் அறையின் அளவு அப்படியே வரும். ஆறு வார்ப்புகளிலும் ஒரே கதை. பின்பாதி குட்டைத் தோட்டாவுக்கான அகலம். அதற்கு முன்னால், ஒரு படி இறங்கி, ஸ்பெஷலுக்கான அகலத்தில் துளை நீண்டு போனது. யாரோ அறைகளைக் கடைந்து நீட்டியிருக்கிறார்கள். முத்திரை .767 என்று சொல்வதால், கடைந்தது சோதனைக்குப் பிறகு. அப்படிக் கடைந்த அறையில் மெலிந்த ஸ்பெஷல் கூடு பின்புறம் தளர்வாக உட்காரும். சுடும்போது அங்கே உப்பும், பிளக்கவும் செய்யும். போருக்குப் பிறகு உபரி விக்டரிகளுக்கு இந்த வைத்தியம் நிறையவே நடந்தது, ஸ்பெஷல் தோட்டா சுலபமாகக் கிடைத்தது என்ற ஒரே காரணத்துக்காக. எனக்கு இதில் சமரசமில்லை. முத்திரை ஒரு தோட்டாவுக்கு, அறை இன்னொன்றுக்கு என்றால் அந்தத் துப்பாக்கி சுடுவதற்கில்லை. உரிமையாளரிடம் அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

அறக்கட்டளையின் கடிதம் பிறகு வந்தது. 1943-இன் பிற்பகுதி, அரசுக் கிடங்குக்கு அனுப்பியது, அவ்வளவே. பெயர் எதுவும் இல்லை. இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

பதிவேட்டில் எழுதியது இது: ஸ்மித் அண்ட் வெசன், மிலிட்டரி அண்ட் போலீஸ், விக்டரி மாடல், பிரிட்டனுக்கான .38/200 வகை. 1943. ஐந்து அங்குலக் குழல் மூன்றே காலாக வெட்டப்பட்டது. பர்மிங்காம் சோதனை, 1955-க்குப் பின். அறைகள் அதற்கும் பிறகு நீட்டப்பட்டவை. நிக்கல் முலாம் தொழிற்சாலையுடையது அல்ல. குழல், சிலிண்டர், சட்டம் மூன்றின் எண்ணும் ஒன்றே.

கைப்பிடியைக் கடைசியாகத்தான் கழற்றினேன். வலதுபக்கக் கட்டையின் உட்புறத்தில் பென்சிலால் எழுதிய எண் ஒன்று இன்னும் அழியாமல் இருந்தது. ஆறு இலக்கம், முன்னால் எழுத்து எதுவும் இல்லை. வேறு துப்பாக்கியுடையது. பதிவேட்டில் அதற்கும் ஒரு வரி சேர்த்தேன்.